நின்றுபோன துவக்குகள்: ஒரு பழைய ஆர்மரரின் குறிப்புகள்

ஒரு துவக்கு (துப்பாக்கி) நம்பத்தகுந்ததா என்று என்னிடம் கேட்பவர்களிடம், எந்த ரவையோடு (தோட்டாவோடு), எந்த ரவைக்கூட்டோடு (ரவைகளை அடுக்கிப் பூட்டும் கூட்டோடு), எந்தப் பருவகாலத்தில், யார் கையில் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். கேட்டவர் பெரும்பாலும் சலித்துப்போய் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார், சோவியத் ஏ.கே. சிறந்தது, அமெரிக்க எம்-16 மோசமானது என்பதுபோல ஒற்றை வரிப் பதிலைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். 1967 முதல் 1979 வரை பன்னிரண்டு ஆண்டுகள் கொழும்பில் ஒரு சீருடைப் பிரிவின் ஆயுதப் பட்டறையில் ஆர்மரராக, அதாவது துவக்குகளைப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்தவன் நான். எந்தப் பிரிவு என்பது இங்கே தேவையில்லை. போர்முனையில் நின்று சுட்டவன் அல்லன். சுட்டுவிட்டுத் திரும்பியவர்களின் துவக்குகளை மேசையில் கிடத்தித் திறந்து பார்த்தவன். அந்த மேசையில் கற்றவற்றையும், ஓய்வுக்காலத்தில் பிற நாட்டுப் படைகளின் அனுபவங்களைப் படித்தபோது அவற்றோடு பொருந்திப் போனவற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எனக்குத் தொழில் கற்பித்தவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு மலாய்ச் சார்ஜன்ட். தமிழையும் சிங்களத்தையும் மலாயையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். என்னைத் தம்பி என்பார். நான் அவரைச் சேர் என்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், விரைவாக வேலை முடிப்பவன் என்று பெயர் வாங்கும் ஆசையில், பன்னிரண்டு பிரித்தானிய லீ-என்பீல்ட் துவக்குகளின் போல்ட்டுகளை, அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டுகளை, கழற்றி ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பளபளவென்று துடைத்து, கைக்கு வந்த வரிசையில் திரும்பப் பூட்டிவிட்டேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. சார்ஜன்ட் இரண்டு துவக்குகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது பன்னிரண்டு துவக்கு இல்லை தம்பி, பன்னிரண்டு கலியாணம், மாப்பிள்ளையை மாத்திவிட்டா குடும்பம் நடக்குமா?” என்றார். பிறகு அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு போல்ட்டிலும் பொறிக்கப்பட்டிருந்த இலக்கத்தைத் துவக்கின் இலக்கத்தோடு ஒப்பிட்டு, மானி வைத்துப் பார்த்து, பன்னிரண்டையும் சரிசெய்ய வைத்தார்.

அந்த மானி அளப்பது, போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் அமர்ந்த ரவையின் பின்புறத்துக்கும் இடையிலான மிகச் சிறிய இடைவெளியை. நான்காம் இலக்க லீ-என்பீல்டுக்கு 0 முதல் 3 வரை இலக்கமிட்ட நான்கு அளவுகளில் போல்ட் தலைகள் செய்யப்பட்டதே அந்த இடைவெளியைத் துவக்குக்குத் துவக்கு சரிசெய்வதற்காகத்தான். இடைவெளி கூடினால் ரவைக்கோது, அதாவது ரவையின் பித்தளை உறை, சுடும்போது நீண்டு, சில வேளை அடிப்பாகத்துக்குச் சற்று முன்னால் கிழிந்து, முன்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த ரவை உள்ளே போக மறுக்கும். அப்படிப் போன துவக்கைச் சுட்டவர் வெறும் கையால் சரிசெய்ய முடியாது. “லீ-என்பீல்ட் நின்றுபோனது” என்று அவர் சொல்வார். உண்மையில் நின்றது, பட்டறையில் ஒரு பையன் காட்டிய அவசரம். நல்ல பெயரெடுத்த ஒரு துவக்கை ஒரு மாலை நேரத்தில் கெட்ட பெயரெடுக்கும் துவக்காக மாற்றிவிட முடியும் என்பதை என் கையாலேயே கற்றுக்கொண்டேன்.

1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது பட்டறைக்கு வந்து குவிந்த .303 துவக்குகள், அதாவது அதே லீ-என்பீல்டுகள், எனக்கு இன்னொரு பாடம் சொல்லின. மழையில் நனைந்து, மூன்று நான்கு நாட்கள் துடைக்கப்படாமல் வந்தவை அவை. வெளியே பார்த்தால் சேறு. அதைக் கழுவினால் போய்விடும். உள்ளே குழலிலும் அறையிலும் செம்பழுப்பாகப் படிந்திருந்த துரு அப்படிப் போகவில்லை. அன்றைய .303 ரவைகளின் பின்புறத்தில் அடிபட்டுத் தீப்பற்றும் தொப்பியில் பொட்டாசியம் குளோரேட் கலந்த கலவை இருந்தது. அது வெடித்தபின் குழலுக்குள் விட்டுச்செல்வது பொட்டாசியம் குளோரைட், ஏறக்குறைய நம் சமையலறை உப்பின் உடன்பிறப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொழும்பில் அதற்குப் பஞ்சமா? காலிமுகத்திடல் பக்கமிருந்து வீசும் கடற்காற்று, துவக்குத் தாங்கியில் நிறுத்திவைத்த துவக்கைக்கூடச் சும்மா விடாது. சுட்டபின் உப்போடு கிடந்த துவக்கை விடுமா?

இதில் பலரும் செய்யும் தவறு, எண்ணெய் விட்டால் போதும் என்று நினைப்பது. உப்பு எண்ணெயில் கரையாது. அதன் மேல் எண்ணெயைப் பூசினால், துரு எண்ணெய்க்கு அடியில் தன் வேலையைத் தொடரும். கொதிநீர்தான் மருந்து. அறைக்குள் புனல் வைத்து, கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிக் குழல் வழியாக ஓடவிட்டால் உப்பு கரைந்து போகும், குழலும் சூடேறித் தானே உலர்ந்துவிடும்; அதன்பிறகு புல்-துரூ கயிற்றில் துணித்துண்டைக் கோத்து இழுத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் விடவேண்டும். பழைய பிரித்தானிய முறை இது. புல்-துரூவும் எண்ணெய்க் குப்பியும் துவக்கின் பிட்டத்திலேயே ஒரு சிறு பொந்தில் இருக்கும். வந்தவற்றுள் எத்தனையோ துவக்குகளில் அந்தப் பொந்து வெறுமையாகவோ, சிகரெட்டுகளால் நிறைந்தோ இருந்தது. கொதிநீருக்கு நாங்கள் பயன்படுத்தியது சமையற்கட்டிலிருந்து கடன்வாங்கிய தேநீர்க் கேத்தல். அதைத் திருப்பிக் கொடுத்தபோது வந்த சண்டை தனிக்கதை.

ரவைக்கும் எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் இருந்தது. பித்தளை பச்சை பிடிக்கிறதே என்ற கவலையில் செய்வார்கள். அது இரண்டு வகையில் கெடுதல். எண்ணெய் தொப்பிக்குள் கசிந்தால் ரவை வெடிக்காமலே போகலாம். வெடித்தாலோ, கோது அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிப் பின்னால் வந்து போல்ட்டின்மேல் முழுப் பாரத்தையும் போடும். ரவையை உலர்ந்த துணியால் துடைக்கலாம். அதற்குமேல் எதுவும் வேண்டாம். பழைய ரவைகளில் இன்னொரு தொல்லை, தாமத வெடிப்பு. விசையை இழுத்தால் ‘டிக்’ என்று ஓசை மட்டும் கேட்கும்; ஒரு கணம் கழித்தே ரவை வெடிக்கும். அதனால் சுடுதளத்தில் வெடிக்காத ரவையுடன் துவக்கை இலக்கை நோக்கியபடியே முப்பது விநாடி பிடித்திருந்து, அதன்பிறகே போல்ட்டைத் திறக்கவேண்டும் என்று கற்பித்தோம். போர்முனையில் எவரும் முப்பது விநாடி காத்திருக்கமாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

துவக்கையும் ரவையையும் தனித்தனியே எடைபோட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவற்றுள் மிகக் கசப்பான எடுத்துக்காட்டு கனடாவின் ரோஸ் துவக்கு. இலக்குப் போட்டிகளில் பரிசு வாங்கிய, மிகத் துல்லியமான துவக்கு அது. கனடாவில் நுணுக்கமாகச் செய்த ரவைகளுக்கு ஏற்ப அதன் அறை இறுக்கமாகக் கடையப்பட்டிருந்தது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் இப்பிரேயில், சேற்றில், போர்க்கால அவசரத்தில் பிரித்தானியத் தொழிற்சாலைகள் செய்து தள்ளிய சற்றுப் பருத்த ரவைகள் அதற்குக் கிடைத்தபோது கோதுகள் அறைக்குள் இறுகின. போல்ட்டை உதைத்துத் திறந்தார்கள். பின்னால் வரும் போல்ட் அதன் தடுப்பில் மீண்டும் மீண்டும் மோதி, பூட்டும் பல் நசுங்கி, இறுக்கம் இன்னும் கூடியது. அந்தச் சமரில் தப்பிய கனடியர்களில் 1,400க்கும் மேற்பட்டோர் தங்கள் ரோஸ் துவக்கை எறிந்துவிட்டு, வீழ்ந்து கிடந்த பிரித்தானியப் படையினரின் லீ-என்பீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ரோஸ் துவக்கைக் குறிசூட்டாளர்கள் விரும்பி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்: அவர்கள் ரவைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள், துவக்கைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார்கள், அவசரமாகச் சுடவும் இல்லை.

எழுபதுகளில் எங்கள் மேசைக்குப் பிரித்தானிய வகை எஸ்.எல்.ஆர்.களும் ஏ.கே.யின் சீன வடிவமான ரி-56களும் வரத் தொடங்கின. தானாக ரவை மாற்றிக்கொள்ளும் துவக்குகளில், வெடிவாயுவில் ஒரு பகுதி குழலிலிருந்து பிரிந்து ஒரு தண்டைப் பின்தள்ளுகிறது. எஸ்.எல்.ஆரில் அந்த வாயுவின் அளவைச் சுட்டவரே கூட்டிக் குறைக்க ஒரு சீராக்கி உண்டு; திறந்தால் வாயு வெளியே போய்விடும், மூட மூடத் தண்டில் படும் பலம் கூடும். அதை முழுதும் திறந்துவைத்து, ஒவ்வொரு ரவையாகச் சுட்டு, துவக்கு ஒழுங்காக வேலை செய்யும் நிலை வரும்வரை படிப்படியாக மூடி, அதற்குமேல் இரண்டு படி மூடி வைப்பதுதான் முறை. அந்த இரண்டு படிகள் அழுக்குக்கும் தூசிக்குமான கையிருப்பு. ஆனால் “பலமாகவே இருக்கட்டும்” என்று முழுதும் மூடிவைப்பவர்களே அதிகம். துவக்கு அவர்களுக்கு நிற்காமல் சுடும், தோள் வலிக்கும், உள்ளே உறுப்புகள் அடிபட்டு அடிபட்டுத் தேயும், ஓராண்டு கழித்து வேறொருவர் கையில் அது உடையும். சுமையைப் பின்னால் வருபவன் தலையில் கட்டிவிட்டு, தன் துவக்கு நல்ல துவக்கு என்று சொல்லிக்கொள்வது எளிது.

ரி-56 பற்றி இங்கே நிலவும் புகழ்ப்பேச்சில் உண்மை நிறைய இருக்கிறது. ஏ.கே. குடும்பத்தின் ரவைக்கோது முன்னால் ஒடுங்கிப் பின்னால் பருத்த வடிவம். ஆப்புப் போல, ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்தாலே அறைச் சுவரை விட்டுவிடும். அந்த ஒடுக்கத்தினால்தான் அதன் ரவைக்கூடு அரிவாள்போல வளைந்திருக்கிறது. வாயுத் தண்டும் போல்ட்டைச் சுமக்கும் பகுதியும் ஒன்றாக, கனமாக இருப்பதால் சிறு அழுக்கை மோதித் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் நிற்கவே நிற்காது என்பது வெறும் கதை. பாதுகாப்பு நெம்பை இறக்கியவுடன் பக்கவாட்டில் ஒரு நீண்ட பிளவு திறக்கிறது. சேற்றில் விழுந்து எழுந்தவருக்கு அந்தப் பிளவு வழியாகக் களி உள்ளே போய் விசைப்பகுதியை அடைத்துவிடும். தூசியைத் தாங்கும் தளர்வு சேற்றையும் தாங்கும் என்று எண்ணவேண்டாம். தூசியும் சேறும் இருவேறு எதிரிகள். இந்த வேறுபாட்டை அறியாமல் துவக்குகளை ஒப்பிடும் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் பொறுக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1967ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் எம்-16 பற்றிய பெரும் சர்ச்சை நடந்தது என்பதை மிகப் பின்னாளில் படித்து அறிந்தேன். படித்தபோது, என் பட்டறையின் எல்லாத் தவறுகளையும் ஒரு வல்லரசு பெரிய அளவில் செய்திருப்பதைப் போல இருந்தது. துவக்கு ஒருவகை வெடிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. 1964இல் ரவைக்கு வேறுவகை, உருண்டை மருந்து ஏற்கப்பட்டது. அது சுடும் வேகத்தைக் கூட்டியது, அழுக்கையும் கூட்டியது. எம்-16இல் வாயு ஒரு குழாய் வழியாக நேரே போல்ட் பகுதிக்குள் ஊதப்படுவதால், அந்த அழுக்கு போய்ப் படிந்த இடம் துவக்கின் இதயம். அறைக்குள் குரோமியப் பூச்சு இல்லை, வியட்நாமின் ஈரத்தில் அறை துருப்பிடித்துச் சொரசொரப்பானது, கோது ஒட்டிக்கொண்டது. ஒட்டிய கோதை முன்புறமிருந்து கோல் விட்டுத் தட்டித்தான் எடுக்க முடியும். அந்தத் துப்புரவுக் கோல்களே போதிய அளவில் வழங்கப்படவில்லை; துவக்குக்குப் பராமரிப்பே தேவையில்லை என்ற பேச்சுவேறு பரவியிருந்தது. இறந்து கிடந்தவர்களின் அருகே கழற்றிய நிலையில் துவக்குகள் கிடந்ததாகப் படையினர் எழுதிய கடிதங்கள் வெளிவந்தபின், ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு விசாரித்து, 1967 ஒக்டோபரில் கடுமையான அறிக்கையை வெளியிட்டது. பிறகு அறைக்குக் குரோமியம் பூசினார்கள், பின்புற மோதுதாங்கியை மாற்றினார்கள், துப்புரவுப் பொருட்களைக் கொடுத்தார்கள், படையினர் படிப்பதற்காகப் பராமரிப்புக் கையேட்டைப் படக்கதையாகவே அச்சிட்டார்கள். துவக்கின் அடிப்படை வடிவம் மாறவில்லை. அதே துவக்கின் வழிவந்தவை இன்றும் பாவனையில் உள்ளன.

எண்களைப் பார்த்து மயங்குபவர்களுக்கு ஒரு சொல். நான் ஒரு கொப்பியில் ஒவ்வொரு பழுதையும் மூன்று நிரல்களில் எழுதி வந்தேன்: சுட்டவரே அந்த இடத்தில் சில விநாடிகளில் தீர்த்தது, நேரமெடுத்துத் தீர்த்தது, எங்களிடம் கொண்டுவந்தால்தான் தீர்ந்தது. இது சார்ஜன்டின் ஏற்பாடு. 2007இல் அமெரிக்க இராணுவம் செய்த தூசிச் சோதனையிலும் ஏறக்குறைய இதே பிரிப்பைக் கண்டபோது, அவர் உயிரோடு இல்லையே என்று வருந்தினேன். அந்தச் சோதனையில் நான்கு வகைத் துவக்குகள், வகைக்குப் பத்து, ஒவ்வொன்றிலும் 6,000 ரவைகள் சுடப்பட்டன. எம்-16இன் குறுகிய வடிவமான எம்-4 மொத்தம் 882 தடவை நின்றது, சோதனை நிலையிலிருந்த எக்ஸ்எம்-8 வெறும் 127 தடவை. அதாவது முன்னையது 68 ரவைக்கு ஒருமுறை, பின்னையது 472 ரவைக்கு ஒருமுறை. செய்திகளில் பேசப்பட்டது இதுதான். ஆனால் ஆர்மரரின் கைக்குப் போகவேண்டிய பழுதுகளை மட்டும் எடுத்தால் எம்-4க்கு 19, எக்ஸ்எம்-8க்கு 11. இரண்டுக்கும் இடையே இருந்த பெரும் பள்ளம் அங்கே வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அதே 882இல் 239, துவக்கின் குற்றமே அல்ல, ரவைக்கூட்டின் குற்றம். சில மாதங்களுக்கு முன் நடந்த இன்னொரு சோதனையில் இதே எம்-4 ஏறக்குறைய 300 தடவைதான் நின்றிருந்தது. ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எத்தனை ரவைக்கு, எந்த வகைப் பழுது, எந்த ரவைக்கூடு என்று கேளுங்கள்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்-4ஐத் தொடர்ந்து சுடுவதற்கான வேகம் நிமிடத்துக்கு 12 முதல் 15 ரவை என்றே கையேடு சொல்கிறது. 2008 ஜூலை 13 அன்று ஆப்கானிஸ்தானின் வனாத்தில் ஒன்பது அமெரிக்கப் படையினர் கொல்லப்பட்ட சமரில், சூழப்பட்டவர்கள் அந்த வேகத்தை மதித்துச் சுட்டிருக்க முடியாது. துவக்குகள் சூடேறி நின்றன. அங்கே குற்றம் சொல்ல ஒரு துவக்கைத் தேடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரித்தானியரின் எல்-85 விடயம் வேறு. 1991 வளைகுடாப் போரின் மணலில் பெயர்கெட்டு, நுளம்பு விரட்டும் மருந்து பட்டே அதன் பிளாஸ்டிக் பாகங்கள் கரைகின்றன என்ற முறைப்பாடும் எழுந்து, கடைசியில் ஏறத்தாழ 2,00,000 துவக்குகளை 92 மில்லியன் பவுண் செலவில் ஜேர்மனியின் ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனத்திடம் கொடுத்துத் திருத்த வேண்டியிருந்தது. உறுப்புகளோடு ரவைக்கூட்டையும் மாற்றினார்கள்.

ரவைக்கூட்டிற்கே மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் என் கொப்பியின் முதல் நிரலை நிரப்பியது அதுதான். துவக்கில் மிக மலிவான பாகம் அது. ஆனால் ரவையைச் சரியான கோணத்தில் உயர்த்திக் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் அதன் மேல்விளிம்பிலுள்ள இரண்டு மெல்லிய தகட்டு உதடுகளுக்குத்தான். அது தரையில் விழும், லொறியின் கதவில் நசுங்கும், போத்தல் மூடி திறக்கவும் உதவும். .303இல் ரவைக்குப் பின்விளிம்பு உண்டு. மேல்ரவையின் விளிம்பு கீழ்ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்காவிட்டால் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நின்றுவிடும். வியட்நாமில் இருபது ரவை கொள்ளும் கூட்டில் பதினெட்டு மட்டும் போட்ட அமெரிக்கப் படையினரின் வழக்கம், எழுத்தில் வராத நல்ல அறிவு. என் ஆலோசனை எளியது: ஒவ்வொரு ரவைக்கூட்டுக்கும் இலக்கமிடுங்கள். துவக்கு நின்றால் துவக்கின் இலக்கத்தோடு கூட்டின் இலக்கத்தையும் எழுதுங்கள். ஒரே கூடு இருமுறை வந்தால் அதைத் திருத்த நினைக்காதீர்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கற்றது 1975இல். உதடு வளைந்த எஸ்.எல்.ஆர். ரவைக்கூடு ஒன்று இரண்டாம் முறையும் மேசைக்கு வந்திருந்தது. இருமுறை வந்ததைச் சுத்தியலால் நசுக்கிவிட வேண்டும் என்பது சார்ஜன்டின் சட்டம். எனக்கு மனம் வரவில்லை. நல்ல தகடு, ஆறுதலாக இருந்து நிமிர்த்தலாம் என்று மேசையோரத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, தங்கையின் கலியாணத்துக்காக நான்கு நாள் விடுமுறையில் போனேன். களஞ்சியத்தில் கணக்குக் குறைந்திருந்தது. ஒரு கூடு தேவைப்பட்டவர் பெட்டியிலிருந்ததை எடுத்துக் கணக்கை நிரப்பிவிட்டார். அது தியத்தலாவைச் சுடுதளத்துக்குப் போன தொகுதியோடு போய்விட்டது.

அங்கே ஒரு புதிய இளைஞன் கையில் அது மூன்றாவது ரவையில் நின்றிருக்கிறது. ரவையின் மூக்கு அறையின் விளிம்பில் முட்டி நின்றது. கற்றுக்கொடுத்தபடியே இழுத்துத் தீர்த்தான், மீண்டும் நின்றது, மீண்டும் தீர்த்தான். நான்காம் முறை பதற்றத்தில், பயிற்றுநரிடம் காட்டுவதற்காகத் துவக்கோடு முழு உடம்பையும் திருப்பினான். வரிசையில் படுத்திருந்த ஏழெட்டுப் பேரின் தலைக்கு மேலாகக் குழல் ஒரு வட்டம் போட்டது. பயிற்றுநர் பாய்ந்து குழலை மேலே தூக்கியதால் ஒருவருக்கும் எதுவும் நேரவில்லை. துவக்கு நின்றுபோனால் எதிரி நெருங்கிவிடுவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; நின்ற துவக்கு பக்கத்திலிருப்பவனையும் கொல்லலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய காலை, அந்தக் கூடு சிவப்பு நூலில் கட்டிய அட்டையோடு என் மேசையில் இருந்தது. இலக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சார்ஜன்ட் பக்கத்து மேசையில் ஏதோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. “கலியாணம் நல்லா நடந்ததா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நடந்தது சேர் என்றேன். இரண்டு இறாத்தல் சுத்தியலை எடுத்து என் பக்கம் தள்ளினார். கூட்டைப் பட்டடையில் வைத்து ஓங்கினேன். முதல் அடி பக்கவாட்டில் வழுக்கிப் போய்விட்டது. இரண்டாவது அடியில் உதடுகள் இரண்டும் உள்ளே மடிந்தன. “ஸ்பிரிங்கை எடுத்து வை, அது நல்லா இருக்கு” என்றார் அவர்.